குடியிருப்புப் பிள்ளைகளோடு பறவை பார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னையில் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் பறவை பார்க்க அழைத்துச் செல்லும் சிறு குழு ஒன்றில் நானும் ஒருவன். வேறு ஊர்களில் இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் பறவை ஆர்வலர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விடைகளோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

பறவை எல்லோருக்கும் பொதுவானது. பார்க்க வேண்டாம் என்று யாரும் யாரையும் தடுப்பதில்லை. பிறகு இதற்கென்று தனி முயற்சி எதற்கு?

வேண்டாம் என்று வாய்விட்டு யாரும் சொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் பறவை பார்க்கும் நடைகள் வழக்கமாக எப்படி அறிவிக்கப்படுகின்றன என்று பாருங்கள். அறிவிப்பு ஆங்கிலத்தில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வரும். காலை ஆறு மணிக்கு, பேருந்து போகாத ஓர் ஏரிக்கரையில் கூட வேண்டும். பைனாகுலரும் தொப்பியும் காலணியும் கொண்டுவரச் சொல்வார்கள். கார், கருவி, ஆங்கிலம், ஓய்வான ஞாயிற்றுக்கிழமை ஆகிய நான்கும் உள்ளவர்களுக்குத்தான் அந்த அழைப்பு என்பது படித்த உடனே விளங்கிவிடும்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டு ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தச் சதுப்புநிலத்தையும் அதைச் சார்ந்த ஏரிகளையும் ஒட்டித்தான் இன்று வாழ்கின்றன. பூநாரையைப் பார்க்க நகரின் மறுகோடியிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதே நீர்ப்பரப்புக்குப் பக்கத்தில் எட்டடுக்குக் கட்டடத்தில் வளரும் பிள்ளை அந்த நடைகளில் ஒன்றில்கூட இருப்பதில்லை. ஆர்வம் இல்லாததால் இப்படி ஆகவில்லை. நடைகளை அமைத்தபோது அந்தப் பிள்ளையை யாரும் நினைத்துப் பார்க்காததால் ஆகியிருக்கிறது.

அன்றாடம் தண்ணீருக்கும் வேலைக்கும் அலைகிற குடும்பங்களுக்குப் பறவை பார்க்க ஆர்வம் இருக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள்; இருந்தாலும் கேள்விக்குள்ளேயே ஒரு பிழை இருக்கிறது. பறவையைப் பற்றி இந்தக் குடும்பங்களுக்கு ஒன்றும் தெரியாது, நாம் போய்த்தான் அறிமுகப்படுத்த வேண்டும் என்று அது முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது.

எங்களுடைய மூன்றாவது நடையில் ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்திருந்தார். மகளைத் தனியாக அனுப்ப மனம் இல்லாமல் துணைக்கு வந்தவர், கரையின் ஓரமாக எதிலும் கலந்துகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். புதருக்கு அப்பால் திடீரென்று ஓர் ஆள்காட்டிக் குருவி கத்தியதும், நாங்கள் பைனாகுலரைத் தூக்குவதற்குள், "குஞ்சு வச்சிருக்குது, அந்தப் பக்கம் போகாதீங்க" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். திருமணத்திற்கு முன்பு விழுப்புரம் பக்கத்தில் ஆடு மேய்த்தவராம். ஆள் நடமாட்டம் கண்டால் கத்துகிற கத்தல் வேறு, குஞ்சு இருக்கும்போது கத்துகிற கத்தல் வேறு என்று இரண்டையும் தம் வாயாலேயே கத்திக் காட்டினார். அந்தப் பறவை வெறும் தரையில் கல்லோடு கல்லாக முட்டையிடும் என்பதும், யாராவது நெருங்கினால் அடிபட்டதுபோல் இறக்கையை இழுத்து நடித்து வேறு பக்கம் திசைதிருப்பும் என்பதும் புத்தகம் படித்த எங்களுக்குத் தெரியும். கத்தலின் வேறுபாடு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதன் பிறகு அவர் ஓரமாக நடந்ததே இல்லை.

எங்கே தொடங்குவது? ஒரு பேருந்தை அமர்த்தி வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றால் போதாதா?

தொடக்கத்தில் நாங்களும் அதைத்தான் செய்தோம். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஒரு சரணாலயத்திற்கு ஐம்பது பிள்ளைகளை ஒரே பேருந்தில் கொண்டுபோனோம். பாதிப் பிள்ளைகள் வழியில் வாந்தி எடுத்தார்கள். போய்ச் சேரும்போது பதினொரு மணி வெயில். பறவைகள் தொலைவில் மரங்களின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. இருந்த இரண்டு பைனாகுலர்களுக்கு ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். நடுவில் ஒருவர் முக்கால் மணி நேரம் உரை நிகழ்த்தினார். திரும்பும் வழியில் எது பிடித்தது என்று கேட்டதற்கு, ஏறக்குறைய எல்லோரும் ஐஸ்கிரீம் என்றார்கள். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை.

இப்போது வீட்டிலிருந்து தொடங்குகிறோம். ஏழாவது மாடித் தாழ்வாரத்தில் நின்றால் கரும்பருந்தை மேலிருந்து பார்க்கலாம். தரையில் நிற்கும் பறவை ஆர்வலருக்கு அதன் வயிறுதான் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு அதன் முதுகும், திரும்பும்போது வால் சுக்கான்போல் முறுக்கிக்கொள்வதும் கண்மட்டத்தில் தெரிகின்றன. மாடி வீட்டுக்கு இப்படி ஒரு வசதி இருப்பதை எங்களுக்குக் காட்டியவன் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். அடுத்த கட்டம் நடந்துபோகும் தொலைவில் உள்ள ஏரிக்கரை. ஒரே கரைக்கு ஐந்தாறு முறை போன பிறகு, எந்த மூலையில் நீலத் தாழைக்கோழி நிற்கும், எந்தக் கம்பத்தில் மீன்கொத்தி உட்காரும் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு வேடந்தாங்கலுக்குப் போவதில் பொருள் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். வெளிச்சம் சாய்வாக இருக்கும் காலையும் மாலையும் நல்ல நேரங்கள். அங்கே கூடுகளைக் காட்டுவதோடு ஊரின் கதையையும் சொல்லுங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அந்த ஊர் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது 1936இல்தான். பறவையைக் காப்பாற்றியவர்களில் படிப்பாளிகளும் அதிகாரிகளும் மட்டும் இல்லை, நம்மைப்போல் சேற்றில் கால் வைத்தவர்களும் உண்டு என்று தெரிந்தபோது எங்கள் பிள்ளைகளின் முகத்தில் வந்த மாற்றத்தைப் பார்த்திருக்கிறேன்.

எந்த நேரத்தில் நடத்துவது?

பறவைகளுக்கு விடியற்காலை உகந்தது. குடும்பங்களுக்கு அது உகந்ததாக இருப்பதில்லை. தண்ணீர் பிடிப்பது, வீட்டு வேலைக்குக் கிளம்புவது, மீன் வாங்குவது, ஜெபத்திற்குப் போவது என எல்லாமே ஞாயிறு காலையில்தான் இருக்கின்றன. நாங்கள் மாலை நாலரைக்குக் கூடுகிறோம். அடையும் நேரத்தில் கொக்குகளும் உண்ணிக்கொக்குகளும் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதைப் பார்க்க எந்த அனுபவமும் தேவையில்லை. தலைக்கு மேல் போவதை எண்ணத் தெரிந்தால் போதும்.

காலையில்தான் நடத்த வேண்டும் என்றால் சாப்பாட்டுக்கு வழி செய்துகொள்ளுங்கள். தொடக்கப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பள்ளி நாள்களில் மட்டும் உண்டு. ஞாயிறன்று வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு எட்டு மணிக்கு மேல் எந்தப் பறவையும் கண்ணில் படாது. சுண்டலும் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் நடையின் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும். கடைசிவரை இருந்தால்தான் கிடைக்கும் என்று வைத்தால் அது கூலிபோல் ஆகிவிடும்.

பைனாகுலர் இல்லாமல் முடியுமா? வாங்குவதானால் எதை வாங்குவது?

முதல் சில நடைகளுக்கு வேண்டவே வேண்டாம். காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, மடையான், கரிச்சான் எல்லாம் வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரிபவை. கெட்டி அட்டையைச் சுருட்டி இரண்டு குழல்களாக ஒட்டிக் கொடுத்தோம்; அது எதையும் பெரிதாக்காது, ஆனால் ஓரிடத்தில் கண்ணை நிறுத்தப் பழக்கும். பிறகு உண்மையான கருவியைக் கையில் வாங்கும்போது தடுமாற்றம் குறைகிறது.

வாங்கும்போது பலரும் செய்யும் தவறு, பெரியவர்களுக்கு உகந்த 8x42 வகையைப் பிள்ளைகளுக்கும் வாங்குவது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதையும், இரண்டாவது எண் முன்பக்க வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கிறது. எடை ஒருபுறம் இருக்க, பெரியவர்களுக்கான கருவியின் இரண்டு குழல்களையும் எவ்வளவு நெருக்கினாலும் சிறு பிள்ளையின் கண்களுக்கிடையே உள்ள தூரத்துக்கு வராது. "தெரியுதா?" என்றால் "தெரியுது" என்று மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், உண்மையில் ஒரு கண்ணில் கறுப்பு வட்டம்தான் தெரிந்துகொண்டிருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு, குழல்கள் நன்றாக நெருங்கும், 6 மடங்கு காட்டும், எடை குறைந்த சிறு கருவி போதும். மடங்கு குறைந்தால் கை நடுக்கமும் குறைவாகத் தெரியும், பார்வைப் பரப்பும் விரியும்.

பணம் ஓரளவு இருந்தால், நான்கு பைனாகுலர் வாங்குவதைவிட முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி ஒன்றை வாங்குங்கள் என்பது என் கருத்து. ஒருவர் பறவையைக் குறிவைத்து நிறுத்திவிட்டால் இருபது பேர் அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம். கண்ணாடி அணிந்த பாட்டியும் பார்க்கலாம். குட்டையான பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் எடுத்துச் செல்லுங்கள். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி இருப்பதை அதில் பார்த்த பிள்ளைகள், அந்த நாரைக்குப் பல் விழுந்துவிட்டதா என்று எங்களைக் கேட்டார்கள்.

பறவைகளின் பெயரைத் தமிழில் சொல்லிக் கொடுப்பதா, ஆங்கிலத்திலா?

பிள்ளை என்ன சொல்கிறதோ அதில் தொடங்குங்கள். பழவேற்காட்டுப் பக்கம் உறவு உள்ள மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள் சில பறவைகளுக்கு எங்கள் பட்டியலில் இல்லாத பெயர்களைச் சொல்கிறார்கள். அதைத் திருத்துவதற்குப் பதிலாகக் குறிப்பேட்டில் எழுதி, யாருடைய வீட்டில் அப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்கிறோம்.

அதோடு தமிழ்ப் பெயர்களுக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது. நெற்றியில் வெள்ளைத் தகடு உள்ளது நாமக்கோழி. தண்ணீருக்குள் மூழ்கி வேறிடத்தில் எழுவது முக்குளிப்பான். அலகு அரிவாளாக வளைந்தது அரிவாள்மூக்கன். கழுத்து மட்டும் வெளியே தெரிய நீந்துவது பாம்புத்தாரா. ஒருமுறை சொன்னால் மறக்காது. ஆங்கிலப் பெயர் பின்னால் தேவைப்படும், குறிப்பாகப் பறவைப் பதிவுத் தளங்களில் பட்டியல் இடும்போது; அப்போது கற்றுக்கொள்வார்கள். தொடக்கத்திலேயே அதைத் திணித்தால் ஆங்கிலப் பாட வேளையாகிவிடும். ஆங்கிலப் பாட வேளைக்கு ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள்?

செயலிகள், கணக்கெடுப்புகள் ஆகியவற்றில் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் அவசரம் இல்லை. பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி இலவசம்; குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதியும் அதில் உண்டு. நம் பறவைகள் எல்லாவற்றின் குரலும் அதற்குத் தெரியாது. சில நேரம் தவறாகவும் சொல்லும். குடும்பத்தில் ஒரே கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார் என்ற நிலையில் செயலியை அடிப்படையாக வைத்து எதையும் திட்டமிடாதீர்கள். குழுவினரின் கைப்பேசி ஒன்று போதும்.

கணக்கெடுப்பில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்துகிறது. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்துவது அது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்து, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இபேர்ட் (eBird) இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும். இடம் எதுவானாலும் சரி. மொட்டைமாடியும் கணக்கில் சேரும். பண்டிகைக்குச் சொந்த ஊர் போகும் பிள்ளைகள் அங்கிருந்தும் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். பிப்ரவரியில் உலகெங்கும் நான்கு நாள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பிலும் இதே முறைதான். பதிவை ஏற்றும்போது குழுவின் கணக்கைப் பயன்படுத்துங்கள். பிள்ளையின் பெயரையும் வீட்டு முகவரியையும் இணையத்தில் இடாதீர்கள்.

எங்கள் பையன்களை ஏரிக்கரையில் காவலர்கள் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். என்ன செய்வது?

இது பயண வசதியையும் கருவியையும்விடப் பெரிய தடை. 2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினப் பறவை ஆர்வலர், நாயை அவிழ்த்துவிடாமல் வாரில் கட்டி வைத்துக்கொள்ளும்படி ஒரு பெண்ணிடம் கேட்டதற்கு, அந்தப் பெண் கறுப்பினத்தவர் ஒருவர் தம்மை மிரட்டுவதாகக் காவல்துறையை அழைத்தார். அடுத்த சில நாள்களுக்குள்ளேயே கறுப்பினப் பறவை ஆர்வலர்களும் இயற்கை ஆய்வாளர்களும் ஒன்றுகூடி, நாங்களும் இந்தக் காடுகளிலும் பூங்காக்களிலும் இருக்கிறோம் என்று காட்டும் ஒரு வாரத்தை நடத்தினார்கள். அது இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. இங்கே நிறத்தின் இடத்தில் முகவரி நிற்கிறது. பதினாறு வயதுப் பையன் கையில் பைனாகுலரோடு, வசதியானவர்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சுற்றுச்சுவர் ஓரமாக ஏரியைப் பார்த்து நின்றால், எந்த ஏரியா என்ற கேள்விதான் முதலில் வரும். கண்ணகி நகர் என்று பதில் சொன்னால் அடுத்த கேள்வியின் தொனியே மாறும். எங்கள் பிள்ளை ஒருவனிடமிருந்து பைனாகுலரைப் பறித்து, எங்கே திருடியது என்று கேட்டிருக்கிறார்கள். திரும்ப வாங்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவனை மறுபடி நடைக்கு வரவைக்க ஐந்து மாதம் ஆயிற்று.

அதற்குப் பிறகு பருவம் தொடங்கும் முன்பே உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் வனத்துறை அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்து, கையெழுத்திட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் படமும் குழுவின் தொலைபேசி எண்ணும் உள்ள அடையாள அட்டை உண்டு. பதின்ம வயதுப் பையன்களைத் தனியாக அனுப்புவதில்லை. இவை எல்லாம் தற்காலிக ஏற்பாடுகள்தான். வசதியான வீட்டுப் பையனுக்கு அட்டை தேவைப்படுவதில்லை என்பதை எங்கள் பையன்களும் அறிவார்கள். அதைப் பற்றி அவர்கள் கேட்டால் மழுப்பாமல் பேசுங்கள்.

கிராமத்தில் நடத்தும்போது சாதி குறுக்கிடுமா?

குறுக்கிடும். கூடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. ஊர்க் கோயில் வாசலில் கூடுவோம் என்றால் சேரிப் பிள்ளைகள் வரமாட்டார்கள், அல்லது வந்து தள்ளி நிற்பார்கள். அரசுப் பள்ளி வாசல், பேருந்து நிறுத்தம், நூலகம் ஆகியவை எல்லோருக்கும் சரிப்படும். கண்மாய்க்கோ ஏரிக்கோ போகும் வழி எந்தத் தெருக்கள் வழியாகப் போகிறது என்பதை முதலிலேயே நடந்து பார்த்துவிடுங்கள். பொதுத் தண்ணீர்க் குவளை வைக்காமல் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொல்வது நல்லது என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே குடத்திலிருந்து எல்லோரும் குடிக்கும் நடையில் வர விருப்பம் இல்லாதவர்கள் வராமல் இருந்துகொள்ளட்டும்.

வேட்டை வழக்கம் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளை எப்படி அணுகுவது?

குருவிக்காரர் என்ற பெயரே ஒரு சமூகத்தின் தொழிலிலிருந்து வந்தது. நரிக்குறவர்களும் குருவிக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகக் கவுதாரியும் காடையும் பிடித்துப் பிழைத்தவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிழைப்பைக் குற்றமாக்கியது, ஆனால் வேறு பிழைப்பு எதையும் கையில் கொடுக்கவில்லை. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட்டதே 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால்தான். இப்படிப்பட்ட வரலாறு உள்ள குடும்பத்துப் பிள்ளையிடம் போய், பறவையைக் கொல்வது பாவம் என்று பாடம் நடத்துவதுபோல் மடத்தனம் வேறில்லை.

அவர்களிடம் இருக்கும் அறிவைக் கேளுங்கள்; கேட்பதற்குக் கூலி கொடுங்கள். கவுதாரியைப் போலக் குரல் கொடுத்து அதை வரவழைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர்கள் 1978இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் நச்சுமுறி மருந்து தயாரிப்பதற்கான பாம்பு நஞ்சை எடுத்துத் தரும் தொழிலாகத் தங்கள் திறனை மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பறவைகளிலும் இதுபோல் நடக்க முடியும். வழிகாட்டியாக ஒரு தந்தைக்கு நாள்கூலி கொடுத்து முன்னால் நடக்கவிட்டால், அவருடைய பிள்ளை எங்கே நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் கூண்டுக்கிளி வளர்க்கும் குடும்பமும் வருகிறது. சொல்வதா, விடுவதா?

பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளையை வைத்துக்கொண்டு பெற்றோரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். தனியே பொறுமையாகச் சொல்லுங்கள். இறக்கை வெட்டிய கிளியைத் திடீரென்று திறந்துவிட்டால் பூனைக்கோ காக்கைக்கோ இரையாகும் என்பதால், வனத்துறையிடம் ஒப்படைக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பார்வைத்திறன் குறைந்த பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் கலந்துகொள்ள முடியுமா?

நிச்சயமாக முடியும். பறவை பார்த்தல் என்ற பெயர்தான் தவறாக வழிகாட்டுகிறது. தேர்ந்த ஆர்வலர்கள் பாதிப் பறவைகளைக் காதால்தான் கண்டுபிடிக்கிறார்கள். பார்வையற்ற பிள்ளை ஒருத்தி எங்களோடு வருகிறாள். செண்பகப் பறவையின் அடித்தொண்டை ஒலி எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் இருந்து வருகிறது என்று கையை நீட்டிக் காட்டுவாள். நாங்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பறவையைத் தேடுவோம். அவள் வரும் நாள்களில் எல்லோரையும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்கிறோம்.

சக்கர நாற்காலிக்கு, பறவை எத்தனை என்று பார்ப்பதற்கு முன் கரையின் சரிவையும் படிகளையும் மண் இளக்கத்தையும் கழிப்பறைக் கதவின் அகலத்தையும் பாருங்கள். சரிவு ஒத்துவராவிட்டால் நடையைக் கைவிட்டு, நிழலான ஓரிடத்தில் எல்லோரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தே பாருங்கள். ஒருவரை மட்டும் கீழே விட்டுவிட்டு மற்றவர்கள் கரையேறக் கூடாது.

பெண்பிள்ளைகளும் தாய்மார்களும் குறைவாக வருகிறார்களே?

கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை அழைப்பிலேயே எழுதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் பத்தாம் வகுப்பு மாணவிகள். நடை முடியும் நேரத்தையும் எழுதுங்கள், சொன்ன நேரத்துக்கு முடியுங்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அந்தப் பேருந்து வரும் இடமாகத் தேர்ந்தெடுத்தால் தாயும் மகளும் செலவில்லாமல் வரலாம். கைக்குழந்தையோடும் வரலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அழும் குழந்தையால் பறவை பறந்துவிடும் என்று முகம் சுளிக்கும் தன்னார்வலர் இருந்தால், அவருக்கு வேறு பணி கொடுங்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு?

திருப்பூரில் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2024இல் ராம்சர் தளம் ஆனது. பின்னலாடைத் தொழிலுக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்த குடும்பங்களும் அதே ஊரில் இருக்கின்றன. இந்திய மொழிகள் பலவற்றில் வந்துள்ள பறவைச் சுவரொட்டிகளும் கையேடுகளும் இங்கே கைகொடுக்கும். ஏர்லி பேர்ட் என்ற முயற்சி அப்படிப்பட்டவற்றை வெளியிடுகிறது. ஒரு பறவைக்கு ஒடியாவில் என்ன, இந்தியில் என்ன, தமிழில் என்ன என்று பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்வதே நல்ல விளையாட்டு. வலசை வரும் வாத்துகளோடு இந்தக் குடும்பங்களை ஒப்பிட்டு யாராவது மேடையில் பேசத் தொடங்கினால் ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள்; வாத்துக்கு வாடகையும் இல்லை, ரேஷன் அட்டைச் சிக்கலும் இல்லை.

பாதுகாப்பு, ஒப்புதல், புகைப்படம் ஆகியவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் தனியாக இருக்கும் நிலை எப்போதும் வரக் கூடாது. குறைந்தது இரண்டு பெரியவர்கள், அவர்களில் ஒருவர் பெண். ஒப்புதல் கடிதம் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். மண் அள்ளிய ஏரிகளில் கரையிலிருந்து இரண்டடியில் ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்ற விதிக்கு விலக்கு கிடையாது. ஆம்புலன்ஸுக்கான 108, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகிய இரண்டும் அடையாள அட்டையின் பின்புறத்தில் இருக்கட்டும்.

புகைப்பட விஷயத்தில் நாங்கள் கறாராக இருக்கிறோம். பைனாகுலர் வாங்கித் தந்த நன்கொடையாளருக்குக் கூடப் பிள்ளைகளின் முகப் படம் அனுப்புவதில்லை. அவர்கள் எழுதிய பட்டியலின் படத்தை அனுப்புகிறோம்.

மழைக்காலத்தில் நடையை நிறுத்திவிடுவீர்களா?

வலசைப் பறவைகள் வந்து சேரும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் ஏரியில் இறங்கும் அதே வாரங்களில் செம்மஞ்சேரியில் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகும். வெள்ளம் தேங்குவதற்கென்று இருந்த தாழ்நிலத்தில் சாலையும் கட்டடமும் வந்துவிட்டதால், தண்ணீருக்குப் போக இடம் இல்லை. அந்த வாரங்களில் நடை கிடையாது. குழுவின் கையிருப்புப் பணம் பாய்க்கும் பாலுக்கும் போகும்.

குறிப்பேடு மட்டும் பிள்ளைகளிடமே இருக்கும். மாடியிலிருந்து கண்டதை எழுதச் சொல்லியிருக்கிறோம். சென்ற மழையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய பக்கத்தில் மூன்று வரிகள் இருந்தன: "காலை 7.10. மின்சாரம் இல்லை. எங்கள் பிளாக் படிக்கட்டில் நான்காவது படிவரை தண்ணீர். ஐந்தாவது படியில் மடையான் ஒன்று நிற்கிறது, மீன் பிடித்தது."

அதை நாங்கள் அப்படியே இபேர்ட் பட்டியலில் ஏற்றினோம். இடம் என்ற கட்டத்தில் குடியிருப்பின் பெயர், பறவையின் எண்ணிக்கை 1.